மாத்திடுங்க சார்

பத்து வருடத்தைத் தாண்டிய கார் வைத்திருக்கும் எவரும் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் தப்பித்திருக்க முடியாது: "பிரேக் மேட்டர் சார், ரிஸ்க் எடுக்காதீங்க. அசெம்பிளியா மாத்திடுங்க." சொல்பவர் பெரும்பாலும் காலர் வைத்த டீ-சர்ட் போட்டிருப்பார். கையில் டேப்லெட் இருக்கும். வண்டிக்கு அடியில் படுத்து எழுந்த அடையாளம் உடுப்பில் எங்கேயும் இருக்காது. கேட்பவருக்கு அதற்கு மேல் பேச்சு வராது. உயிர் என்ற சொல்லை ஒருவர் எடுத்துப் போட்டுவிட்டால், அப்புறம் விலையைப் பற்றிப் பேசுகிறவன் கஞ்சன், இல்லையென்றால் பெண்டாட்டி பிள்ளை மேல் அக்கறை இல்லாதவன்.

இந்த வாக்கியம் பெரும்பாலான சமயங்களில் பொய் என்கிறேன். தெரிந்தே சொல்லும் பொய் என்றுகூடச் சொல்லமாட்டேன். சொல்பவருக்கு அந்தச் சாமானைத் திறந்து பார்க்கும் வாய்ப்பே கிடைத்திருக்காது. ஆனால் அந்தப் பொய்யின் மேல் ஒரு வியாபாரம் நடக்கிறது, அந்த வியாபாரத்துக்குத் தோதாக ஒரு அரசாங்கக் கொள்கையும் வந்திருக்கிறது. ஆகவே ஒழுகுகிற ஒரு பிரேக் கேலிப்பரை முன்வைத்துக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது. இயந்திர விவகாரம் பிடிக்காதவர்கள் அடுத்த சில பத்திகளைப் பொறுத்துக்கொள்ளவும். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் பிரேக் ஆயிலை அழுத்துகிறது. அந்த அழுத்தம் குழாய் வழியே சக்கரத்துக்கு வந்து, கேலிப்பருக்குள் இருக்கும் கிண்ணம் போன்ற பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் பேடைத் தள்ள, பேட் டிஸ்க்கைக் கவ்வுகிறது. சரி, காலை எடுத்தால் பிஸ்டன் எப்படிப் பின்வாங்குகிறது? அங்கே ஸ்பிரிங் எதுவும் கிடையாது. வார்ப்பின் உட்சுவரில் வெட்டிய ஒரு பள்ளத்தில், சதுர வெட்டுள்ள ரப்பர் வளையம் ஒன்று பிஸ்டனைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. பிஸ்டன் முன்னே போகும்போது ரப்பர் அதைப் பிடித்தபடியே சற்று முறுக்கிக்கொள்கிறது. அழுத்தம் போனதும் தன் வடிவத்துக்குத் திரும்புகிறது, பிஸ்டனையும் கூடவே இழுத்துக்கொள்கிறது. நகர்வது ஒரு மில்லிமீட்டரில் சிறு பகுதிதான். ஆயிலை வெளியே விடாமல் தடுப்பதும் அந்த வளையம், பிஸ்டனைத் திருப்பி இழுப்பதும் அதே வளையம். ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியை நிறுத்துகிற ஏற்பாட்டில் இவ்வளவு சின்ன சாமர்த்தியம் ஒளிந்திருப்பது, எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

இந்த ரப்பருக்கு வயதாகும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் தன்மை உள்ளது. ஈரம் சேர்ந்த ஆயில் உள்ளிருந்து துருவை உண்டாக்கும். வெளியே தூசி புகாமல் இருக்கப் போட்டிருக்கும் ரப்பர் பூட் கிழிந்தால், மழைத்தண்ணீரும் சேறும் பிஸ்டனின் விளிம்பில் தங்கி, அதன் குரோம் பூச்சில் புள்ளி புள்ளியாக அரிக்கும். இறுகிப்போன ரப்பர், அரித்துப்போன குரோம். இரண்டும் சேர்ந்தால் ஆயில் கசியத் தொடங்கும். டப்பாவில் ஆயில் மட்டம் இறங்கும், சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக இருக்கும், ஆயில் பட்ட இடத்தில் பெயின்ட் உரியும். பேடில் ஆயில் ஊறினால் வண்டி பிரேக் அடிக்கும்போது ஒரு பக்கம் இழுக்கும். இது உண்மையிலேயே ஆபத்து. இதைத் தள்ளிப்போடுகிறவனுக்கு வக்காலத்து வாங்க நான் இதை எழுதவில்லை.

கேள்வி வேறு. இதில் கெட்டது எது? ஒரு ரப்பர் வளையம், ஒரு பூட், சில சமயம் ஒரு பிஸ்டன். மீதி இருப்பது வார்ப்பிரும்பு. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. "உள்ள கோடு விழுந்திருக்கு சார், பாடியே போச்சு" என்று சர்வீஸ் சென்டரில் சொல்வார்கள். அந்த வாதம் மாஸ்டர் சிலிண்டருக்குப் பொருந்தும், டிரம் பிரேக்கின் வீல் சிலிண்டருக்குப் பொருந்தும். அங்கெல்லாம் ரப்பர் பிஸ்டனோடு சேர்ந்து நகர்ந்து சிலிண்டர் சுவரைத் தேய்த்துக்கொண்டு போகிறது. சுவரில் கோடு விழுந்தால் கசியும். டிஸ்க் கேலிப்பரில் நேர் எதிர். ரப்பர் சுவரில் நிலையாக உட்கார்ந்திருக்கிறது, பிஸ்டன்தான் அதன் மேல் வழுக்குகிறது. ஆயிலைத் தடுக்கும் பரப்பு பிஸ்டனின் மேல்தோல். சுவரில் நாலு கோடு இருந்தால் என்ன, நாற்பது இருந்தால் என்ன? ரப்பர் உட்காரும் பள்ளம் சுத்தமாக, அரிக்காமல் இருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. இந்த ஒரு வித்தியாசம் தெரியாததால், அல்லது தெரியாதது போல் இருப்பதால், நல்ல வார்ப்புகள் எத்தனை காயலான் கடைக்குப் போயிருக்கும்!

என் வண்டி 2003-ஆம் வருடத்து லான்சர். ஜப்பான் பெயர், ஆனால் பிறந்தது நம் திருவள்ளூரில். மணவாள நகரிலிருந்து சில கிலோமீட்டரில் அதிகத்தூரில் இருந்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில்தான், மிட்சுபிஷியோடு சேர்ந்து 1998 முதல் லான்சரைக் கட்டினார்கள். இந்துஸ்தான் மோட்டார்ஸ் என்றால் எல்லோருக்கும் அம்பாசடரும் வங்காளத்து உத்தர்பாராவும்தான் நினைவுக்கு வரும். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அது திருவள்ளூர் கம்பெனி. மண் அள்ளும் இயந்திரங்கள் செய்த அதன் இன்னொரு பிரிவுதான் கைமாறி இன்றைய கேட்டர்பில்லர் ஆனது. உத்தர்பாரா 2014 மே மாதம் நின்றுபோனது. லான்சர் அதற்கு முன்பே முடிந்துவிட்டது.

அந்த லான்சரின் முன்பக்க வலது கேலிப்பர் ஒழுகியபோது, சென்னையில் பல கம்பெனி வண்டிகளையும் பார்க்கும் ஒரு பெரிய சர்வீஸ் சென்டர் சொன்ன பதில் இது: அசெம்பிளி இந்தியாவில் கிடைக்காது, வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும், அந்தச் செலவுக்கு வண்டியே வராது, ஸ்கிராப்புக்குக் கொடுத்துவிட்டு எக்ஸ்சேஞ்சில் புதுசு பாருங்கள். கேலிப்பரைக் கழற்றிப் பார்க்கவில்லை. கணினியில் பார்ட் நம்பர் இல்லை, ஆகவே உலகத்தில் இல்லை. ஒழுகியது ஒரு ரப்பர் வளையம், தீர்வாகச் சொன்னது வேறொரு கார்.

மணவாள நகரில் ரயில்வே லைனுக்கு இந்தப் பக்கம் இருக்கும் ஒரு பட்டறையில் அதே வேலை ஒரு பகல் பொழுதில் முடிந்தது. "கிட்டு மட்டும் வாங்கிட்டு வாங்க தம்பி, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றார் பட்டறைக்காரர். சென்னை ஜி.பி. ரோட்டில் ஒரு கடைக்காரர் பழைய பிஸ்டனின் விட்டத்தை வெர்னியரில் அளந்துவிட்டு, மேலே ஏறி ஒரு அட்டைப்பெட்டியை இறக்கினார். சீல், பூட், ஸ்லைடு பின் ரப்பர் எல்லாம் அடங்கிய கிட்டு, சில நூறு ரூபாய். கேலிப்பர் செய்யும் கம்பெனிகள் ஒரே அளவு பிஸ்டனைப் பல கார்களுக்குக் கொடுக்கின்றன. எந்த வண்டி சீல் எந்த வண்டிக்குச் சேரும் என்பது அந்தக் கடைக்காரரின் தலையில் இருக்கிறது. எந்த டேப்லெட்டிலும் இல்லை.

இதை வைத்து 'நம்ம ஊர் மெக்கானிக் மேதை, அவருக்கு முன்னால் கம்பெனிக்காரன் தூசு' என்று ஒரு புல்லரிப்புக் கட்டுரை எழுதலாம். அப்படிப்பட்ட கட்டுரைகள் நிறைய வந்துவிட்டன. அவற்றின் மேலும் எனக்குக் கோபம் உண்டு. ஏனென்றால் கேலிப்பர் வேலைக்குக் கெட்ட பெயர் வந்ததில் நம் பட்டறைகளுக்கும் பங்கு இருக்கிறது. பிரித்த கேலிப்பரை டீசலில், மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுக் கழுவுகிற பட்டறைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பிரேக் சீலின் ரப்பர் பிரேக் ஆயிலைத் தாங்குவதற்கென்றே தேர்ந்த ரகம். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் உப்பிவிடும். கழுவிய டீசல் பள்ளத்தில் கொஞ்சம் தங்கினால் போதும், புது சீல் சில வாரத்தில் ஊதி, பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்ளும். வழுக்கட்டும் என்று சாதா கிரீஸ் தடவுவதும் இதே கதை. பிறகு வாடிக்கையாளர் அலறிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போவார், அவர்கள் "நாங்கதான் அப்பவே சொன்னோமே" என்பார்கள். அசெம்பிளி வியாபாரிக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடையாது.

சரியாகச் செய்வதற்கு மேதைமை தேவையில்லை, பொறுமை போதும். நான் பார்த்த பட்டறைக்காரர் பிரேக் ஹோஸைக் கழற்றும் முன்பே பெடலை மெதுவாக மிதிக்கச் சொல்லி, ஆயில் அழுத்தத்திலேயே பிஸ்டனை முக்கால்வாசி வெளியே கொண்டுவந்தார். கம்ப்ரசர் காற்றை விட்டால் பிஸ்டன் குண்டு மாதிரி பாயும், விரல் போகும். காற்று விட்டே ஆகவேண்டுமென்றால் எதிரே ஒரு மரக்கட்டை வைத்து, காற்றைக் குறைத்து விடவேண்டும். பழைய சீலை ஸ்குரூ டிரைவரால் நெம்பாமல், பள்ளத்தில் கீறல் விழக்கூடாதென்று மூங்கில் குச்சியால் எடுத்தார். பள்ளத்தின் மூலையில் இறுகியிருந்த துருவையும் பழுப்பையும் சுரண்டவே முக்கால் மணி நேரம் ஆனது. உண்மையான வேலை அதுதான். அந்தப் பழுப்பை விட்டுவிட்டால் புது சீலைப் பின்னாலிருந்து தள்ளி, பிஸ்டனை இறுக்கிப் பிடிக்க வைக்கும். கழுவ ஸ்பிரிட்டும் புது பிரேக் ஆயிலும் மட்டும்தான். பிஸ்டனில் நகத்தால் தடவினால் மாட்டுகிற அளவுக்கு அரிப்பு இருந்தது. "இதைத் தேச்சுப் போட்டா ரெண்டு மாசத்துல திரும்ப வருவீங்க" என்றார். லேத்தில் ஒன்று கடைந்துவிடலாமா என்று கேட்டேன். "அளவு நூல் பிசகினாலும் அது பிரேக் இல்ல தம்பி" என்று மறுத்துவிட்டு, புதுப்பேட்டையில் இதே அளவில் ஒரு நல்ல பழைய பிஸ்டன் தேடி எடுக்கச் சொன்னார். சீலைப் புது ஆயிலில் நனைத்துப் பள்ளத்தில் முறுக்கில்லாமல் உட்காரவைத்து, பிஸ்டனைக் கை அழுத்தத்தாலேயே நேராக உள்ளே இறக்கினார். கோணலாகப் போனால் சுத்தியலைத் தேடுவது வழக்கம். இவர் வெளியே எடுத்து மறுபடி தொடங்கினார். ஹோஸ் போல்ட்டுக்குப் புது செம்பு வாஷர். கடைசியாக ஏர் எடுத்து, வண்டி முழுக்கப் பழைய ஆயிலை வெளியேற்றிப் புதிது.

அந்தக் கடைசிக் காரியத்தைக் கவனியுங்கள். பாதுகாப்பு பாதுகாப்பு என்று முழங்குகிற இடங்களில் பல, அசெம்பிளியை மாற்றிவிட்டு ஆயிலை 'டாப் அப்' மட்டும் செய்து அனுப்புகின்றன. டாட் 3 ரகப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது என்பது தர விதி. தண்ணீர் சேர்ந்த நிலைக்கு விதி கேட்பது 140 டிகிரிதான். ஏலகிரியிலிருந்து குடும்பத்தோடு இறங்கும்போது பிரேக் சூடாகி, ஆயிலில் இருக்கும் தண்ணீர் ஆவியானால் பெடல் தரை வரைக்கும் போகும். புது அசெம்பிளி இருந்தும் போகும். பளபளக்கும் கேலிப்பரும் எட்டு வருட ஆயிலும் உள்ள வண்டியைவிட, கிட்டு போட்டு ஆயிலை மாற்றிய பழைய கேலிப்பர் வண்டியில் என் மகளை உட்காரவைப்பேன்.

எல்லாக் கேலிப்பரும் பிழைக்கும் என்றும் சொல்லவில்லை. சீல் பள்ளமே அரித்திருந்தால், வார்ப்பில் விரிசல் இருந்தால், ஸ்லைடு பின் ஓடும் துளை தேய்ந்து ஆடினால், ப்ளீடர் ஸ்குரூ உள்ளே உடைந்து மரையோடு போய்விட்டால் தூக்கிப்போட வேண்டியதுதான். ஆனால் அது திறந்து பார்த்துச் சொல்லும் முடிவு. திறக்காமல் சொல்வதற்குப் பெயர் விற்பனை. அமெரிக்காவில் உதிரிபாகக் கடைகளில் விற்கும் கேலிப்பர்களில் பெரும்பங்கு, பழையதை வாங்கி இதே கிட்டு வேலையைத் தொழிற்சாலையில் செய்து திருப்பி விற்பவை. பழைய வார்ப்பைத் திருப்பிக் கொடுத்தால் முன்பணம் திரும்பக் கிடைக்கும். அங்கே வார்ப்பிரும்பைத் திரும்பப் பயன்படுத்துவதை யாரும் உயிரோடு விளையாடுவதாகச் சொல்வதில்லை. மணவாள நகரில் செய்தால் மட்டும் ரிஸ்க்.

இந்த மனநிலை தானாக வரவில்லை. உதிரிபாகத்தை வெளிச்சந்தையில் விற்காமல், பழுது நீக்கும் தகவலையும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கொடுக்காமல் வைத்திருந்ததற்காக 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் போட்டது. என் லான்சரைக் கட்டிய கம்பெனியும் அந்தப் பட்டியலில் உண்டு. பிறகு வழக்கம் போல மேல்முறையீடு, அபராதக் குறைப்பு. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுநீக்கும் உரிமை' குறித்து ஒரு குழு அமைத்து, விவசாயக் கருவி, மொபைல், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என்று நான்கு துறைகளை எடுத்துக்கொண்டது. அந்த டிசம்பரில் ஒரு இணையதளமும் வந்தது. சட்டம் வரவில்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012-லேயே மக்களிடம் வாக்கெடுத்துக் கார்களுக்கு இதைச் சட்டமாக்கிவிட்டது.

நமக்குச் சட்டமாக வேகமாக வந்தது எதிர்ப்பக்கத்து விஷயம். 2021 ஆகஸ்டில் பழைய வாகன அழிப்புக் கொள்கையை அறிவித்தார்கள். 2022 ஏப்ரலிலிருந்து 15 வருடம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 10,000 என்றார்கள். டெல்லியில் 2025 ஜூலை 1 முதல் 15 வருட பெட்ரோல் வண்டிக்கும் 10 வருட டீசல் வண்டிக்கும் பங்கில் எரிபொருள் கிடையாது என்று தொடங்கி, சில நாளிலேயே நிறுத்திவைத்தார்கள். டெல்லியின் காற்று வேறு பிரச்சினை, பழைய இன்ஜின்களின் புகைக்கு நான் வக்கீல் இல்லை. புகையை அளக்கட்டும், மீறினால் நிறுத்தட்டும். ஆனால் 'பழைய வண்டி பாதுகாப்பற்றது' என்ற வரியை இந்தக் கொள்கையின் நியாயமாகச் சொல்லும்போதுதான் இடிக்கிறது. தானியங்கிப் பரிசோதனை நிலையங்களில் ரோலர் பிரேக் டெஸ்டர் வைக்கிறார்கள். ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு விசையோடு பிடிக்கிறது, இடதுக்கும் வலதுக்கும் வித்தியாசம் எவ்வளவு என்று எண்ணாகவே சொல்லும் கருவி. அதற்குப் பிறந்த வருடம் தெரியாது. அதில் தேறுகிற வண்டிக்கும் தேறாத வண்டிக்கும் ஒரே 10,000 எதற்கு? அபராதம் கட்டத் தகுதியான குற்றம் பராமரிக்காமல் விட்டது, வயதானது அல்ல.

இதை டெல்லியிலோ குர்கானிலோ உட்கார்ந்து எழுதியிருந்தால் இத்தோடு நிறுத்தியிருப்பேன். திருவள்ளூரில் உட்கார்ந்து எழுதும்போது இன்னொன்றும் உறுத்துகிறது. இந்தியக் கார்களின் பிரேக் பெரும்பகுதி நம்மைச் சுற்றிப் பிறந்தது. பாடியில் பிரேக்ஸ் இந்தியா 1962-ல், இங்கிலாந்தின் லூக்காஸ் கூட்டில் ஆரம்பமானது. கர்லிங் என்ற பெயர் தெரியாத பழைய மெக்கானிக் கிடையாது. அம்பத்தூரில் ராணே பிரேக் லைனிங். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார்கள், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பும் வார்ப்பும். காலையில் மணவாள நகர் முக்கில் நின்றால் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகும். அதில் தூங்கிவழிந்துகொண்டு போகிற பையன்களில் பலர் ஐ.டி.ஐ. படித்தவர்கள். மோட்டார் மெக்கானிக் பிரிவில் இரண்டு வருடம், பாடத்திட்டத்தில் பிரேக் பிரித்து மாட்டுவதும் உண்டு. லைனில் அவர்கள் செய்வது, மூடி வந்த அசெம்பிளியை எடுத்து, துப்பாக்கி மாதிரியான கருவியால் இரண்டு போல்ட்டை முடுக்குவது. ஷிஃப்டுக்கு நூற்றுக்கணக்கில். ஒப்பந்தம் முடிந்தால் வேறு கம்பெனி, வேறு இரண்டு போல்ட். ஆயிரமாயிரம் கேலிப்பரைத் தொட்ட ஒருவனுக்கு அதன் உள்ளே இருக்கும் சதுர ரப்பரைப் பார்க்கக் கிடைக்கவில்லை. நான் சொன்ன பட்டறைக்காரருக்கு அறுபதை நெருங்குகிறது. உதவிக்கு நிரந்தரமாகப் பையன் கிடையாது, "கம்பெனியில கேன்டீன் சாப்பாடு, ஏ.சி. பஸ்சு, இங்க கிரீஸ் கையோட யார் வருவா?" என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பட்டறைக் கூலியில் பி.எஃப். கிடையாது, விரல் போனால் இ.எஸ்.ஐ. கிடையாது. பையன்களைக் குறை சொல்லும் தகுதி, குளிர்சாதன அறையில் உட்கார்ந்து கோடு எழுதிச் சம்பாதிக்கும் எனக்குக் கிடையவே கிடையாது.

என் தொழிலுக்கும் இதில் பங்கு இருக்கிறது. இப்போது வரும் கார்களில் ஹேண்ட் பிரேக் லீவர் மறைந்து ஒரு பொத்தான் வந்துவிட்டது. பின்சக்கரக் கேலிப்பரிலேயே ஒரு சின்ன மோட்டார் உட்கார்ந்து பிஸ்டனை முடுக்குகிறது. அத்தகைய பல கார்களில் பேட் மாற்ற வேண்டுமென்றால்கூட முதலில் ஸ்கேனரைச் சொருகி, வண்டியை 'சர்வீஸ் மோடு'க்குக் கொண்டுபோய், மோட்டாரைப் பின்வாங்கச் சொல்ல வேண்டும். மரக்கட்டையும் மூங்கில் குச்சியும் போதுமாயிருந்த இடத்தில் இப்போது அனுமதி தேவை. அந்த அனுமதியைக் கொடுக்கும் மென்பொருளை எழுதுவது நானும் என் போன்றவர்களும். தொழில்நுட்பக் கட்டாயம் என்று இதை நியாயப்படுத்த முடியாது: சில கம்பெனிகள் பெடலையும் பொத்தானையும் ஒரு குறிப்பிட்ட வரிசையில் அழுத்தினாலே சர்வீஸ் மோடுக்குப் போகும்படி எழுதியிருக்கின்றன. அதை எழுத அதிகப்படியாக ஆகும் உழைப்பு சொற்பம். எழுதாமல் விடுவது ஒரு முடிவு, யாரோ ஒரு மீட்டிங்கில் எடுத்தது.

கேட்க வேண்டியது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. கேலிப்பர் விற்கிறவன் அதன் சீல் கிட்டையும் பிஸ்டனையும் தனியாக விற்க வேண்டும். மாடலை நிறுத்தினால், பிஸ்டனின் விட்டத்தையும் சீல் பள்ளத்தின் அளவையும் வெளியிட்டுவிட்டுப் போகவேண்டும். வேறு எவனாவது செய்துகொள்வான், நம் பக்கத்தில் ரப்பர் வார்க்கிற கம்பெனிக்கா பஞ்சம்? சர்வீஸ் மோடு ஸ்கேனர் இல்லாமல் திறக்க வேண்டும். பதிவுப் புதுப்பிப்புக் கட்டணத்தை ரோலர் டெஸ்டர் சொல்லும் எண்ணோடு கட்டிப்போட வேண்டும். 'அசெம்பிளி மாற்றம்' என்று பில் போடுகிற எந்த இடமும், கழற்றிய பழைய அசெம்பிளியைப் பிரித்து, எது கெட்டது என்று காட்டி வாடிக்கையாளரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். இந்தக் கடைசி விதியை மட்டும் நாளைக்கே எழுதினால்கூட, பாதிப் பேர் அடுத்த மாதம் மூங்கில் குச்சி வாங்க ஆரம்பித்துவிடுவார்கள்.